ஒரே அளவு கட்டி, வேறு வேறு போக்கு. ஏன்?

இந்த மாதப் பாடம்: மார்பகப் புற்றுநோயும் நம் உடம்பின் காவல் படையும்



சேமிப்பு, கடன், வட்டி என்று எதையும் கூச்சமில்லாமல் பேசுகிற நாம், மார்பில் கட்டி என்று பேச்சு வந்தால் மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பேச்சை மாற்றிவிடுகிறோம். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் ஏறக்குறைய 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். ஆகவே இன்றைக்குக் கொஞ்சம் மனசுவிட்டுப் பேசுவோமா?

ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவோம்

திருத்தங்கல் பக்கம் பட்டாசு ஆலையில் திரி வேலை பார்க்கும் ஒரு அக்கா. சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஒரு தங்கச்சி. பாடத்துக்காக நாமே நினைத்துக்கொள்ளும் இரண்டு பேர். இருவருக்கும் மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. இருவருக்கும் ஆபரேஷன் ஆச்சு. அக்கா பத்து வருஷமாக நல்லா இருக்கிறார். தங்கச்சிக்கு இரண்டே வருஷத்தில் நோய் திரும்பி வந்துவிட்டது. கட்டி ஒரே அளவு, போக்கு மட்டும் ஏன் வேறு?

"எல்லாம் தலையெழுத்து" என்போம். ஆனால் பட்டாசு வேலை தெரிந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. குழாய் ஒரே அளவு, சுற்றிய தாளும் ஒன்றுதான். உள்ளே அடைத்த மருந்து வேறு என்றால் ஒன்று பூவாய்ச் சிதறும், இன்னொன்று வெடித்துச் சிதறும். கட்டியும் அப்படித்தான். வெளி அளவை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மரபணு என்றால் என்ன?

நம் குழுவில் எத்தனை பதிவேடுகள்! தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம். எல்லாம் ஒரே பெட்டியில்தான் இருக்கும். ஆனால் கடன் கொடுக்கிற அன்றைக்குக் கடன் பேரேடு திறந்திருக்கும், மற்றது சில மூடியிருக்கும். எது திறந்திருக்கிறது என்று பார்த்தாலே அன்றைக்கு என்ன வேலை நடந்தது என்று தணிக்கைக்கு வருகிறவர் சொல்லிவிடுவார்.

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இப்படி ஒரு பெட்டி உண்டு. அதில் உள்ள பதிவேடுகள்தான் மரபணுக்கள். புரதம் செய்யச் சொல்லித் தரும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20 ஆயிரம். எந்த மரபணு திறந்து வேலை செய்கிறது, எது மூடிக் கிடக்கிறது என்பதைத்தான் 'மரபணுச் செயல்பாடு' என்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்பகக் கட்டிகளை இப்படித் 'தணிக்கை' செய்து பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல, பல வகை என்பது அதில் தெளிவானது.

காவலாளி உள்ளே வந்தாரா?

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவை உடம்பின் காவல் படை. கிருமியை மட்டுமல்ல, கெட்டுப்போன சொந்த செல்லையும் கண்டுபிடித்து அழிக்கும். கட்டியிலிருந்து எடுத்த சதைத் துண்டில் இந்தக் காவல் வேலைக்கான மரபணுக்கள் நிறையத் திறந்திருந்தால், காவலாளிகள் கட்டிக்குள்ளேயே புகுந்து சண்டை போடுகிறார்கள் என்று அர்த்தம். காவலாளிகளைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் எண்ணியும் பார்க்கலாம்.

இதனால் என்ன தெரிகிறது? மார்பகப் புற்றுநோயை மருத்துவர்கள் முக்கியமாக மூன்று சோதனையால் பிரிக்கிறார்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும். முதல் இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை. மூன்றுமே இல்லை என்றால் அது 'டிரிப்பிள் நெகட்டிவ்' வகை. வேகமாக வளரக்கூடியது. மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இந்த வகை அதிகம். பத்தில் மூன்று பேருக்கு இருப்பதாக இந்திய ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்த வகையில்தான் காவல் படையின் பலம் நன்றாகத் தெரிகிறது. பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 2 ஆயிரம் டிரிப்பிள் நெகட்டிவ் பெண்களைப் பற்றிய ஆய்வு 2024இல் வெளிவந்தது. அவர்கள் கீமோ சிகிச்சை எடுக்காதவர்கள். முதல் கட்டத்திலேயே நோய் கண்டறியப்பட்டு, கட்டிக்குள் காவல் அணுக்கள் நிறைய இருந்தவர்களில் 100க்கு 94 பேருக்கு 5 வருஷம் வரை நோய் வேறு இடத்துக்குப் பரவவில்லை. காவல் அணுக்கள் குறைவாக இருந்தவர்களில் இது 100க்கு 78. பார்த்தீர்களா வித்தியாசத்தை!

ஹெர்-2 வகையிலும் காவல் அதிகம் என்றால் நல்ல அறிகுறிதான். ஆனால் ஹார்மோன் வகையில் இந்தக் கணக்கு அவ்வளவு சரியாகப் பொருந்தவில்லை. ஆகவே எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்று எண்ணிவிடக் கூடாது. "எனக்குக் காவல் பலமா இருக்கு, கீமோ வேண்டாம்" என்று நாமாக முடிவு செய்வதும் ஆபத்து.

காவலாளியை மடக்கும் தந்திரம்

புற்றுநோய் செல் லேசுப்பட்டதல்ல. காவலாளி அருகில் வந்ததும் அவர் மீது ஒரு பிரேக்கை அழுத்திவிடும். அவர் அப்படியே நின்றுவிடுவார். அந்தப் பிரேக்கை விடுவிக்கும் வழியைக் கண்டுபிடித்ததற்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ என்ற இருவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வந்த ஊசி மருந்து இப்போது டிரிப்பிள் நெகட்டிவ் வகைக்கும் பயன்படுகிறது. ஆனால் விலை லட்சக்கணக்கில். நம்மைப் போன்றவர்கள் கைக்கு இன்னும் எட்டவில்லை.

நம் நாட்டுப் பெண்களின் கட்டிகளையும் படிக்க வேண்டுமல்லவா? சென்னை ஐ.ஐ.டி. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணு மாற்றங்களைப் படித்து, அந்த விவரங்களை 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. வருங்காலத்தில் நமக்கேற்ற சிகிச்சைக்கு இது உதவும்.

அதுவரை நாம் என்ன செய்வது?

மேலே சொன்ன 94 பேர் கணக்கைத் திரும்பப் படியுங்கள். 'முதல் கட்டத்திலேயே' என்று இருக்கிறதே, அதுதான் நம் கையில் உள்ளது. மரபணுவை நாம் மாற்ற முடியாது. நாளை மாற்ற முடியும்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். பெரிய மிஷின் எதுவும் இல்லை. 2021இல் முடிவு வந்தது. 50 வயது தாண்டியவர்களில் இந்த நோயால் இறப்பது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? சீசன் நேரத்தில் கட்டி தெரிந்தால், "தீபாவளி முடியட்டும், போனஸ் வரட்டும்" என்கிறோம். வலி இல்லாததால் தள்ளிப் போடுகிறோம். சகோதரிகளே, தொடக்கத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. நாலு மாசம் தள்ளினால் நெல்லிக்காய் எலுமிச்சை ஆகிவிடலாம், அக்குளுக்கும் பரவலாம். ஒரு நாள் கூலி போனால் அடுத்த வாரம் சம்பாதிக்கலாம். போன நாலு மாசத்தை எந்த முதலாளியும் திருப்பித் தர மாட்டார்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சதை எடுத்து டெஸ்ட் பண்ணினால் நோய் பரவிவிடுமா?
பரவாது. அந்த டெஸ்ட் இல்லாமல் எந்த வகை என்று தெரியாது, சரியான மருந்தும் கொடுக்க முடியாது.

எதிர்ப்புச் சக்தி கூட்டும் லேகியம், பொடி சாப்பிட்டால் காவல் படை பலமாகுமா?
அதனால் கட்டி குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதை நம்பிக் காலம் கடத்தியவர்கள் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

கட்டி எல்லாமே புற்றுநோயா?
இல்லை. பெரும்பாலான கட்டிகள் சாதாரணமானவை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். நாமோ பக்கத்து வீட்டு அக்காவோ அல்ல.

செலவுக்கு எங்கே போவது?
30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு, விதிகளின்படி தகுதி இருந்தால், புற்றுநோய் சிகிச்சைக் காலத்தில் 80 சதவீதச் சம்பளம் 2 வருஷம் வரை கிடைக்க வழி இருக்கிறது. ஆலையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 104க்கு போன் செய்யலாம்.

நினைவில் வைக்க

* மாதம் ஒரு நாள், மாதவிலக்கு முடிந்த சில நாளில், குளிக்கும்போது மார்பையும் அக்குளையும் விரல்களால் தடவிப் பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் மாதம் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.
* கட்டி, காம்பு உள்ளே இழுத்தல், ரத்தக் கசிவு, தோலில் குழி, இதில் எது தெரிந்தாலும் இரண்டு வாரத்துக்குள் டாக்டரிடம் போங்கள்.
* ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டைப் போலப் பத்திரமாக வையுங்கள்.
* கீமோவையும் மாத்திரையையும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கை புற்றுநோயால் இறந்ததைப் பார்த்தவர். அந்த ஒரு வேதனையிலிருந்து பல்லாயிரம் பேரைக் காப்பாற்றும் மருத்துவமனை பிறந்தது. நம் குழுவில் ஒரு சகோதரியை இரண்டு வாரத்துக்குள் டாக்டரிடம் அழைத்துப் போவது நம்மால் முடியாதா?

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் 30 வயது தாண்டிய எத்தனை பேர் பரிசோதனை செய்திருக்கிறோம்?
2. பஸ் செலவுக்கும் போன கூலிக்கும் உள்கடனில் அவசரத் தொகை ஒதுக்கலாமா?
3. தனியாகப் போகப் பயப்படும் உறுப்பினருக்கு யார் துணைக்குப் போவது?

பேசி முடித்ததும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் எத்தனை பேர் போய்வந்தார்கள் என்று ஊக்குநர் கேட்க வேண்டும்.