தாடை வலியும் தலைவலியும்: தசைகளைத் தளர்த்தும் எளிய முறைகள்

தலையில் தோன்றும் வலிக்கெல்லாம் தலையே காரணம் அன்று. மாலை வேளையில் நெற்றிப்பொட்டிலும் காதின் முன்புறத்திலும் கனத்து நிற்கும் வலிக்குப் பல சமயங்களில் தாடையை இயக்கும் தசைகளே பிறப்பிடமாக உள்ளன. அத்தசைகளுக்கு ஓய்வளிக்கும் முறையை மக்களுக்குக் கற்பிப்பது கள ஊழியரும் ஆசிரியரும் செலவின்றி மேற்கொள்ளக்கூடிய பணியாகும். எந்த வலிக்கு இம்முறை பொருந்தாது என்பதைப் பிரித்தறிவதும் அப்பணியின் ஒரு பகுதியே. அதனை அறியாமல் செய்யும் உதவி சில சமயம் தீங்காகவும் முடியலாம்.

பிரச்சினையின் அளவு

பெங்களூரிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையுள்ள 2,329 பேரை வீடு வீடாகச் சென்று விசாரித்து நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2014-ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. ஓராண்டுக் காலத்தில் தலைவலிக்கு உள்ளானோர் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் என அதில் தெரியவந்தது. இறுக்கத் தலைவலி உடையோர் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர். ஒற்றைத் தலைவலி உடையோர் ஏறத்தாழ 25 பேர். இறுக்கத் தலைவலியில் தலை, முகம், கழுத்து ஆகியவற்றின் தசைகள் தொட்டால் நோவது பொதுவான அறிகுறி.

1809-இல் அமைந்த பெங்களூர்த் தண்டுப் பகுதியில், மதராஸ் படையுடன் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம் சிவாஜிநகர். ரஸ்ஸல் மார்க்கெட்டையும் கமர்ஷியல் தெருவையும் சுற்றிய சந்துகளில் தையற்காரர், நகை வேலை செய்வோர், கைப்பேசி பழுது பார்ப்போர் எனக் குனிந்த தலையுடன் நுண்ணிய வேலை செய்வோர் பலர். கூர்ந்து நோக்கும் வேலையில் ஈடுபட்டவர் தம்மை அறியாமலே பற்களைக் கடித்துக்கொள்வதுண்டு. நூலைப் பல்லால் அறுப்பதும் குண்டூசியைப் பற்களிடையே கவ்வுவதும் இச்சுமையை மிகுவிக்கும். வகுப்பில் உரத்துப் பேசிப் பின்னர் விடைத்தாள்களின்மீது குனிந்திருக்கும் ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர்.

வலி தோன்றும் விதம்

கன்ன எலும்பிலிருந்து தாடையின் கோணம் வரை இறங்குவது மெல்லு தசை. நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்து, கீழ்த்தாடையின் மேல்முனையில் குவிவது பொட்டுத் தசை. விரல்களைக் கன்னத்திலும் பொட்டிலும் வைத்துப் பற்களை மெல்லக் கடித்தால் இவ்விரண்டும் புடைப்பதை எவரும் உணரலாம். தாடையின் உட்புறத்திலும் வேறு இரு தசைகள் உள்ளன.

தாடை ஓய்ந்திருக்கையில் உதடுகள் மூடியிருக்கும். மேற்பற்களும் கீழ்ப்பற்களும் சற்று விலகியிருக்கும். உண்ணும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே அவை தொட வேண்டும். நாள் முழுவதும் சிறிதளவேனும் கடித்திருப்பவரின் தசை ஓய்வே பெறுவதில்லை. நீடித்த சுருக்கத்தால் தசையினுள் குருதியோட்டம் குறைகிறது. தசை நொந்து, தொட்டால் வலிக்கிறது.

முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பும் மேற்கழுத்தின் நரம்புகளும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே நரம்பணுத் தொகுதியில் வந்து சேர்கின்றன. ஆகையால் தாடையில் எழும் வலி பொட்டிலோ காதிலோ பல்லிலோ தோன்றுவது போலவும், கழுத்தில் எழும் வலி கண்ணுக்குப் பின்னால் தோன்றுவது போலவும் தெரியலாம். பழுதற்ற பல்லைப் பிடுங்கிய பின்னும் வலி நீங்காமைக்கு இது ஒரு காரணம்.

தசையில் தனித்து நோகும் இறுகிய புள்ளிகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல் 1940-களிலிருந்து விரிவாக எழுதினார். அப்புள்ளிகளின் உண்மை இயல்பு பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், நாட்பட்ட தாடை வலிக்கு 2023-இல் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டி, பயிற்சி பெற்றவர் கையால் அப்புள்ளிகளை அழுத்தும் சிகிச்சையையும், மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியையும், வீட்டில் தாமே செய்யும் பயிற்சியையும், நோயைப் பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைத்தது. மீட்க முடியாத வகையில் பற்களை மாற்றியமைக்கும் முறைகளை அது ஏற்கவில்லை.

முதலில் விலக்க வேண்டியவை

கீழ்க்கண்ட குறிகள் உள்ளவர்க்குப் பிடித்துவிடுதல் கூடாது. மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும்.

1. நடக்கையில் தாடைக்கும் இடக்கைக்கும் பரவும் வலி, மார்பில் அழுத்தம், வியர்வை. இவை இதய நோயின் குறிகளாகலாம்.
2. திடீரென இடிபோல் எழும் கடுந்தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல்.
3. ஐம்பது வயதைக் கடந்தவர்க்குப் புதிதாகத் தோன்றும் பொட்டு வலி, மெல்லும்போது தாடை சோர்தல், பார்வை மங்கல். பொட்டிலுள்ள தமனியின் அழற்சி பார்வையைப் பறித்துவிடக் கூடும்.
4. காயத்துக்குப் பின் வாய் திறவாமை. இது இசிவு நோயாகலாம்.
5. பல் வீக்கம், சீழ், அடிபட்ட தாடை.

பாக்கும் குட்காவும் மெல்லுவோரைத் தனியே கவனிக்க வேண்டும். அவர்களின் கன்னத்து உட்சவ்வு வெளுத்து, நார்போல் இறுகி, வாய் சிறிது சிறிதாகத் திறவாமற் போகும். காரம் பட்டால் எரியும். இது தசைப் பிடிப்பு அன்று. புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. இதனைத் தசை இறுக்கம் எனக் கருதி மாதக்கணக்கில் பயிற்சி செய்வித்தால் சிகிச்சைக்குரிய காலம் வீணாகும். எனவே பயிற்சி தொடங்குமுன் வாயைத் திறக்கச் சொல்லி உட்புறத்தைப் பார்த்தல் இன்றியமையாதது. ஒருவர் தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து முன்பற்களிடையே நுழைக்க இயலுமாயின், வாய் பொதுவாகப் போதிய அளவு திறக்கிறது எனக் கொள்ளலாம்.

தளர்த்தும் முறைகள்

*ஓய்வு நிலை.* நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னே மேலண்ணத்தில் வைத்து, உதடுகளை மூடி, பற்களை விலக்கி, மூக்கால் மூச்சு விட வேண்டும். தையல் மெஷினிலோ மேஜையிலோ ஒரு வண்ணப் பொட்டை ஒட்டிவைத்து, அது கண்ணில் படும்போதெல்லாம் பற்கள் தொடுகின்றனவா எனப் பார்ப்பது நல்ல பழக்கம். ஏனைய முறைகளைவிட இதுவே முதன்மையானது.

*வெப்பம்.* வெந்நீரில் பிழிந்த துணியைத் தாங்கத்தக்க சூட்டில் கன்னத்திலும் பொட்டிலும் 10 நிமிடங்கள் வைத்தல்.

*மெல்லு தசை.* வாயைச் சற்றுத் திறந்த நிலையில், இரு விரல்களின் நுனிச் சதையால் நோகும் இடத்தைத் தேடி, பொறுக்கத்தக்க அளவில் 30 விநாடிகள் அழுத்தி, மெதுவாக மூச்சு விட வேண்டும். பின்னர்க் கன்ன எலும்பிலிருந்து தாடைக் கோணம் வரை கீழ்நோக்கி நீவ வேண்டும். பக்கத்துக்கு மும்முறை போதும்.

*பொட்டுத் தசை.* விரல் நுனிகளைப் பொட்டில் ஊன்றி, வாயை மெதுவாகத் திறந்து மூடி, மயிரோரம் நோக்கி மேலே நீவுதல்.

*தாடைப் பயிற்சி.* நாக்கு நுனியை மேலண்ணத்திலிருந்து எடுக்காமல், தாடை கோணாமல் வாயைத் திறந்து மூட வேண்டும். முறைக்கு ஆறு தடவையாக, நாளொன்றுக்கு ஆறு முறை செய்யலாம்.

*கழுத்து.* மோவாயைக் கீழே சாய்க்காமல் நேர் பின்னே இழுத்து 5 விநாடிகள் நிறுத்தி விடுதல். பிடரியின் மேல்விளிம்பில் இரு கட்டைவிரல்களையும் வைத்து மெல்ல அழுத்துதல். கழுத்தின் முன்பக்கத்தில் நாடி துடிக்கும் இடத்தை ஒருபோதும் அழுத்தலாகாது.

அழுத்திய நோவு ஒரு நாளுக்குள் தணிய வேண்டும். தணியாவிடில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வலி வளர்ந்தால் நிறுத்த வேண்டும்.

மாத்திரையும் குறிப்பேடும்

மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரையையும், 10 நாட்களோ அதற்கு மேலோ கலப்பு மாத்திரையையும் மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொள்வோர்க்கு அம்மாத்திரையே தலைவலியை நிலைபெறச் செய்யலாம். ஆகவே வலி வந்த நாள், செய்த வேலை, விழுங்கிய மாத்திரை ஆகிய மூன்றையும் இரண்டு வாரங்கள் ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்ல வேண்டும். பல வாரப் பயிற்சியிலும் குறையாத வலியுடையோரைச் சிவாஜிநகரிலேயே உள்ள பௌரிங் அரசு மருத்துவமனைக்கோ, விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் 1958-இல் நிறுவப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ அந்நோட்டுடன் அனுப்பலாம்.

மீள்பார்வை வினாக்கள்

1. தாடை ஓய்ந்திருக்கும்போது பற்களின் நிலை யாது?
2. தாடைத் தசையின் வலி பல்லில் தோன்றக் காரணம் என்ன?
3. பயிற்சிக்கு முன் வாயின் உட்புறத்தை ஏன் பார்க்க வேண்டும்?
4. உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய குறிகளில் மூன்றைக் கூறுக.