லாவ் பா சாட்டில் சாத்தே: இருட்டிய பிறகு போங்கள்

சிங்கப்பூரில் நல்ல சாத்தே எங்கே கிடைக்கும் என்று கேட்டால், உள்ளூர்க்காரர்களில் பலர் லாவ் பா சாட் உணவங்காடியை மட்டும் சொல்லமாட்டார்கள். அது சுற்றுலாப் பயணிகளுக்கான இடம், விலை கூடுதல், அசலான சுவை வேண்டுமென்றால் குடியிருப்புப் பேட்டைகளில் இருக்கும் உணவங்காடி நிலையங்களுக்குப் போங்கள் என்பார்கள். பகல் நேரத்துக்கு இது சரியான அறிவுரைதான். மதியம் அந்தக் கட்டடம் சுற்றியுள்ள அலுவலகங்களின் சாப்பாட்டுக்கூடம். இடம் பிடிப்பதே பெரும்பாடு. ஆனால் வார நாள்களில் இரவு 7 மணிக்கு மேல், வார இறுதியில் பிற்பகல் 3 மணிக்கு மேல், பக்கத்திலுள்ள பூன் டாட் ஸ்திரீட்டில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுத் தெரு முழுக்க மேசை போடுகிறார்கள். நீங்கள் போகவேண்டியது அப்போதுதான். உட்காரவேண்டியது உள்ளே அல்ல, அந்தத் தெருவில்.

காரணம் கரி அடுப்பு. கோழி, ஆடு, மாடு எதுவானாலும் சிறு துண்டுகளாக்கி, மஞ்சள், கொத்தமல்லி விதை, எலுமிச்சைப்புல், சர்க்கரை எல்லாம் சேர்த்து ஊறவைத்துக் குச்சியில் கோர்க்கிறார்கள். இதில் சர்க்கரை செய்யும் வேலை பெரிது. கனல் மேல் வைத்த சில நிமிடங்களில் அது உருகி ஓரங்களில் கருகிப் பிடிக்கிறது. கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகை இறைச்சியின் மேலேயே படிகிறது. இத்தனை புகையைக் கூரைக்குள், சாப்பிடுகிறவர்களின் முகத்தில் விடமுடியாது. தெருவை அடைத்தால்தான் வரிசையாகக் கரி அடுப்புகளை மூட்டமுடியும். ஆறிப்போன சாத்தேயில் கருகல் கசப்பாகவும் கொழுப்பு மெழுகாகவும் மாறிவிடும் என்பதால், அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே சில அடி தூரம்தான் இருக்கிறது என்பது ருசியைப் பொறுத்த விஷயம், வெறும் கண்காட்சி அல்ல.

பயணிகளுக்காக ஜோடித்த பழமைதானே இது என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. ஆனால் இந்தச் சந்தையில் இடம் மாறாத எதைத் தேடுகிறோம்? 1838-இல் ஜார்ஜ் கோல்மன் எண்கோண வடிவில் கட்டிய இதன் முன்னோடியான தெலுக் ஆயர் சந்தை கடலோரம் இருந்தது. கடலைத் தூர்த்து நிலம் எடுத்தபோது அது போயிற்று. அதே வடிவத்தை வைத்துக்கொண்டு நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சி 1894-இல் எழுப்பிய இன்றைய லாவ் பா சாட் கட்டடத்துக்கு வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோவிலிருந்து வந்தன. 1973-இல் தேசிய நினைவுச்சின்னமான அந்தக் கட்டடத்தையே 1986-இல் சுரங்க ரயில் வேலைக்காகக் கழற்றி, பிறகு திரும்பப் பூட்டினார்கள். சாத்தே வியாபாரமும் அப்படித்தான். கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவர்கள் பீச் ரோடு பக்கம் கூடினார்கள், பிறகு எஸ்பிளனேடுக்குப் பெயர்ந்தார்கள். அங்கிருந்த ‘சாத்தே கிளப்’ 1995-இல் மூடப்பட்டது. பெயர்ந்துகொண்டே இருந்த ஒரு தொழிலிடம் போய் பூர்வீக முகவரி கேட்பதில் பொருளில்லை. கரி இருக்கிறதா, கேட்ட பிறகு சுடுகிறார்களா என்று பாருங்கள்.

விலை பற்றிய குறையை மறுக்கமுடியாது. பேட்டைக் கடைகளைவிட இங்கே கூடுதல்தான், நகரின் நடுவே தெருவில் உட்கார்ந்து சாப்பிடும் வசதிக்கும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். குறைக்க வழி உண்டு. மேசைக்கே வந்து அழைப்பவர்கள் பெரிய கலவைத் தட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். பலகையில் விலையைப் பார்த்துவிட்டு, கடை அனுமதிக்கும் குறைந்த எண்ணிக்கையில் தொடங்குங்கள். தேவையானால் மறுபடி வாங்கலாம், அதுவும் சூடாக வரும். இறாலைவிட ஆட்டிறைச்சியில்தான் புகை நன்றாக ஏறுகிறது என்பது என் கட்சி. நீளமான வரிசை நல்ல அறிகுறிதான், ஆனால் கூட்டத்தைச் சமாளிக்க முன்கூட்டியே சுட்டு அடுக்கிவைக்கும் கடையைவிட, வரிசை குறைந்து அடுப்பு கனன்றுகொண்டிருக்கும் கடை மேல். உடன் வரும் கடலைக் குழம்பு, வெள்ளரி, பச்சை வெங்காயம், கெத்துப்பாட் என்ற அழுத்திய சோற்றுக்கட்டி எல்லாமே கருகலின் இனிப்பைச் சமன்செய்யத்தான். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் குழம்பைத் தவிர்க்கவேண்டும். ஹலால் பார்ப்பவர்கள் கடை முகப்பில் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்குத் தெருவில் அனேகமாக ஒன்றுமில்லை, உள்ளே தேடிக்கொள்ளலாம்.

தெலுக் ஆயர், ராஃபிள்ஸ் பிளேஸ் இரண்டு எம்ஆர்டி நிலையங்களிலிருந்தும் நடந்துவிடலாம். கொஞ்சம் முன்னதாக வந்தால் தெலுக் ஆயர் தெருவில் நடந்து பாருங்கள். பழைய கடற்கரை அதுதான். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா இன்னும் அங்கே நிற்கிறது. மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம், உட்காராதீர்கள். உங்களுக்கும் ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும், கடைகளில் தருவார்கள் என்று நம்பவேண்டாம். மழை பிடித்துக்கொண்டால் தட்டோடு கூரைக்குள் போய்விடலாம். வானம் கறுத்திருக்கும் மாலையில் வாசலை ஒட்டிய மேசையாகப் பார்த்து உட்காருங்கள்.