முதுமை வேறு, நலிவு வேறு

"வயதாகிவிட்டது; இனி இப்படித்தான்." தோட்டங்களில் முதியோரைக் குறித்து நாம் அடிக்கடி கூறுவது இது. பல்லாண்டுகள் பால்மரம் வெட்டி, வாளி சுமந்தவர் மெலிந்து நடை தளரும்போது, அதனை இயற்கையென விட்டுவிடுகிறோம். ஆயினும் 75 வயதிலும் திடமாக நடப்போர் உளர். 60 வயதிலேயே நலிந்தோரும் உளர்.

நலிவு என்பது யாது? உடலின் பல உறுப்புகளிலும் உள்ள சேமிப்பு வலிமை ஒருங்கே குறைந்துபோன நிலையே நலிவாகும். திடமானவர் சில நாள்களில் தேறிவிடும் காய்ச்சல், நலிந்தவரைப் படுக்கையில் வீழ்த்திவிடும். குளியலறையில் ஒருமுறை வழுக்கினாலும் இடுப்பெலும்பு முறியக்கூடும்.

அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவர்தம் குழுவினரும் 2001ஆம் ஆண்டில் நலிவின் அடையாளங்கள் ஐந்தினை வகுத்தனர். அவையாவன:

1. முயலாமலே ஓராண்டில் 4.5 கிலோகிராம் அல்லது அதற்கு மேல் எடை குறைதல்.
2. ஓயாத சோர்வு.
3. கைப்பிடியின் வலிமை குறைதல்.
4. நடையின் வேகம் குறைதல்.
5. உடலுழைப்பும் நடமாட்டமும் சுருங்குதல்.

இவற்றுள் மூன்றேனும் இருப்பின் அது நலிவு. ஒன்றோ இரண்டோ இருப்பின் நலிவின் முன்னிலை.

இதனை அறியப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. நாற்காலியும் கடிகாரமும் இருந்தால், சிற்றூர்ச் சுகாதார நிலையத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். முதியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பிவந்து அமர வேண்டும். இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆயின், அவர் விழும் அபாயம் மிகுதி எனக் கொள்ளலாம். அதன்பின் பார்வை, பல், நீரிழிவு, இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மருத்துவர் ஆராய்வார். சில மருந்துகளே தலைச்சுற்றலுக்குக் காரணமாவதுண்டு.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நலிவைத் தணிக்கலாம். சிலருக்கு மாற்றவும் இயலும். வெறுஞ்சோற்றோடு நில்லாது முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றையும் உண்ணுதல் வேண்டும். சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரின் ஆலோசனைப்படி உண்பாராக. நாள்தோறும் நடத்தலும், நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்தமர்தலும் தசைகளை வலுப்படுத்தும்.

கெடாவின் தென்கோடியில் உள்ள செர்டாங் வட்டாரத்தில், பிள்ளைகள் கூலிமுக்கும் பினாங்குக்கும் வேலைக்குச் செல்ல, பெரியோர் பகலெல்லாம் தனித்திருக்கும் வீடுகள் உண்டு. அங்கே தளர்ச்சி எவர் கண்ணிலும் படாமலே முற்றிவிடும். ஆதலின், தோட்டப் பெருமக்களே, 60 வயதைக் கடந்த உங்கள் பெற்றோரின் சட்டை தொளதொளத்துப் போயிற்றா, நடை மெதுவாயிற்றா என்று கவனியுங்கள். சர்க்கரை அளவைப் பார்க்கச் செல்லும் நாளிலேயே, நடையையும் சோதிக்குமாறு தாதியிடம் கேளுங்கள்.