கிணற்றடித் தண்ணீர் எங்கே போகிறது?

ஊரை விட்டு வந்து உறவினர் வளவிலோ முகாமிலோ இருக்கும் நாம் முதலில் தேடுவது குடிதண்ணீர். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் எங்கே போகின்றன என்று நாம் பார்ப்பதில்லை. ஆளுக்கு 40 லீற்றர் பாவித்தால், ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 200 லீற்றர். ஒரு கிணற்றில் ஆறு குடும்பங்கள் அள்ளினால் 1200 லீற்றர். அத்தனையும் கிணற்றடியிலேயே தேங்கினால், நாளை நாம் அள்ளிக் குடிப்பதும் அதைத்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லில் தங்குகிறது. அதையே குடிக்கிறோம்; தோட்டத்துக்கும் இறைக்கிறோம். மேல்மண் நல்ல வடிகட்டி. ஆனால் கீழேயுள்ள கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் உண்டு. கல்லைத் தொடும்வரை குழி வெட்டினால் அழுக்குநீர் வடிபடாமலே கிணற்றைச் சேரும். ஆகவே, ஆழமான குழியே நல்ல குழி என்று எண்ணுவது தவறு.

நாம் செய்யக்கூடியவை:

1. கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தளமும் வாய்க்காலும் அமைப்போம். குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் கிணற்றுக்கட்டில் வேண்டாம்.

2. குசினி நீரை, அடியில் துளையிட்ட பழைய பானையில் சல்லிக்கல்லும் வைக்கோலும் இட்டு வடிய விடுவோம். சோறும் எண்ணெயும் அதில் தங்கிவிடும். வைக்கோலை அடிக்கடி மாற்றி, பழையதைக் குப்பைக்கிடங்கில் புதைப்போம்.

3. வடிந்த நீரைக் கிணற்றிலிருந்து தூரத்தே, ஓரடி ஆழமான இரண்டு வாய்க்கால்களுக்கு விடுவோம். அவற்றில் பொச்சும் சருகும் நிரப்பிக் கரையில் வாழை நடுவோம். ஒரு கிழமைக்கு ஒன்று, மறு கிழமைக்கு மற்றது என மாறி மாறிப் பாய்ச்சினால் மண் காயும், நுளம்பும் பெருகாது. பச்சையாக உண்ணும் இலைவகைகளை அங்கே நடக்கூடாது.

4. மலசலகூட நீரை இதனுடன் கலக்கவே கூடாது. குழந்தையின் மலத்துணி கழுவிய நீரும் மலசலகூடத்துக்கே போகவேண்டும். மலக்குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடியாவது விலகியிருக்கட்டும். கல்நிலத்தில் இன்னும் கூடுதலாக விலகுவது நன்று. மாரியில் நீர்மட்டம் உயரும் இடங்களில் அடைத்துக் கட்டிய தொட்டியே பாதுகாப்பானது. குழி வெட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்போம்.

கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் மலக்குழியிலிருந்தும் அளவுக்கு மிஞ்சிய உரத்திலிருந்தும் வரும் நைத்திரேற்று கொதிப்பதால் போகாது; குளோரீனாலும் போகாது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மிகுந்த நீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தால் பச்சிளங் குழந்தையின் உடல் நீலம்பாரிக்கலாம்; உயிருக்கும் ஆபத்து. தாய்ப்பாலே பாதுகாப்பு.

"இது எங்கள் காணியல்லவே, நாளை போய்விடுவோமே" என்று நம்மில் சிலர் சொல்கிறோம். வளவுக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாய்க்கால் வெட்ட மண்வெட்டியும் அரைநாள் வேலையும் போதும். நாம் போன பின்னும் அந்தக் கிணற்றில் யாரோ குடிப்பார்கள். நாம் விட்டுவந்த கிணற்றையும் யாராவது இப்படிப் பேணவேண்டும் என்றுதானே விரும்புகிறோம்?

கலந்துரையாட:

- நமது கிணற்றடி நீர் இன்று எங்கே தேங்குகிறது?
- அருகிலுள்ள மலக்குழி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? அளந்து பார்த்தோமா?
- வைக்கோல் மாற்றுவது எந்தக் கிழமை எந்தக் குடும்பத்தின் பொறுப்பு?