சைரன் சத்தம் கேட்டால் நாம் என்ன செய்ய வேண்டும்?



சென்ற தை மாதம் நமது கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு கிராமத்துக்குக் குழுக் கூட்டத்திற்காகப் போயிருந்தோம். தார் ரோட்டில் நீளத்துக்குக் கொள்ளுக்கொடி காய்ந்துகொண்டிருந்தது. வண்டிகள் ஏறிப் போனால் கொள்ளு தானாக உதிரும், அடிக்கிற கூலி மிச்சம். களம் இல்லாத ஊரில் இது வழக்கம்தான்.

அந்த நேரம் சைரன் ஒலியோடு 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தும் கொடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் ஓடிப்போய்க் கொடியை அள்ளி ஓரமாகப் போட்டு, சக்கரத்தில் சிக்கியதை இழுத்து எடுப்பதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டது. உள்ளே பிரசவ வலியில் துடித்தவர், தாய் வீட்டுக்குப் போயிருந்த நம் குழு சகோதரி ஒருவரின் மருமகள். ரோட்டில் கிடந்த கொள்ளும் அந்தச் சகோதரியுடையதுதான்.

நல்லபடியாகப் பிரசவம் ஆனது. தாயும் சேயும் நலம். ஆனாலும் அவர், "நாலு படி கொள்ளுக்காக ரெண்டு உசுரப் பறிகுடுக்கப் பாத்தேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

அவசர வண்டிக்கு என்ன சலுகை?

தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி ஆகியவை அவசர வண்டிகள். 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, உயிர் காக்கும் அவசரத்தில் சைரனும் சுழல் விளக்கும் போட்டுப் போகும்போது, இவை சிவப்பு சிக்னலைத் தாண்டலாம். வேக வரம்பை மீறலாம். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையிலும் போகலாம்.

அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாமா? கூடாது. எதிரே வருபவருக்கு ஆபத்து இல்லாமல், கவனத்தோடும் பொறுப்போடும்தான் இந்தச் சலுகையைப் பயன்படுத்த வேண்டும். அவசரம் இல்லாமல் சும்மா திரும்பி வரும் ஆம்புலன்ஸ் எல்லா விதிக்கும் கட்டுப்பட்டது. குடித்துவிட்டு ஓட்ட யாருக்கும் சலுகை கிடையாது.

நோயாளியை ஏற்றிய ஷேர் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் இந்தச் சலுகை இல்லை. அவற்றில் சைரன் பொருத்தவும் கூடாது. ஆகவே, அவசரத்துக்கு 108-ஐக் கூப்பிடுவதே நல்லது. தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கும் இந்தச் சேவைக்குக் காசு கிடையாது. கூப்பிடும்போது ஊர்ப் பெயரோடு பக்கத்தில் உள்ள கோயில், பள்ளிக்கூடம் என அடையாளம் சொல்லுங்கள். மெயின் ரோட்டில் ஒருவரை நிறுத்துங்கள். இரவானால் கையில் டார்ச் இருக்கட்டும்.

நம் கடமை என்ன?

ஓட்டுநருக்குச் சட்டம் கொடுத்த சலுகை, ரோட்டில் இருக்கும் நாம் வழி விட்டால்தான் பலிக்கும்.

• ஸ்கூட்டி ஓட்டும் சகோதரிகள் சைரன் கேட்டதும் பதறித் திடீர் பிரேக் போட வேண்டாம். கண்ணாடியில் பார்த்து, இடது ஓரம் ஒதுங்கி நில்லுங்கள்.

• பின்னால் இன்னொரு அவசர வண்டி வருகிறதா என்று பார்த்த பிறகே மறுபடி ரோட்டுக்கு வாருங்கள்.

• வழி கிடைத்தது என்று ஆம்புலன்ஸை ஒட்டியபடியே பின்னால் போகாதீர்கள்.

• நடந்து போகிறவர்கள் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் உடனே ஓரம்கட்டுங்கள்.

• திருவிழாப் பந்தலோ ஊர்வலமோ ரோட்டை முழுசாக அடைக்காமல், ஒரு வண்டி போக வழி விடச் சொல்லுங்கள்.

வழி விடாமல் போனால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாதம் 200 ரூபாய் சேமிக்கும் சகோதரிக்கு இது 50 மாதச் சேமிப்பு.

விபத்தில் அடிபட்டவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயமும் வேண்டாம். அதே சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்ல எண்ணத்தோடு உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அந்த ஊர்க் குழு என்ன செய்தது?

அடுத்த கூட்டத்திலேயே, இனி ரோட்டில் எதையும் காயப்போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். உலர்களம் கேட்டுக் கிராம சபையில் மனுவும் கொடுத்தார்கள். களம் இன்னும் வரவில்லை. ஊருக்குப் பின்னால் உள்ள பாறையில் காயப்போட்டுத் தடியால் அடிக்கிறார்கள். கூலி கூடத்தான் ஆகிறது. "ஆகட்டும், ரோடு காலியா இருக்கு. அது போதும்" என்கிறார் அந்தச் சகோதரி.

குழுவில் கலந்து பேச:

1. நம் ஊர் ரோட்டில் ஆம்புலன்ஸ் எந்தெந்த இடத்தில் தடைபடும்?

2. அதில் நாமே சரிசெய்யக்கூடியது எது? கிராம சபையில் கேட்க வேண்டியது எது?

3. இரவில் 108 வந்தால் மெயின் ரோட்டில் போய் நிற்பது யார்?

பேசி எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த மாதம் வரும்போது நாங்களும் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.