கார்புரேட்டரை மாற்றுமுன்

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நின்றிருந்த, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி, கால் மணி நேரம் ஓடி விக்கி நின்றுவிடுகிறது. சற்றுப் பொறுத்தால் மறுபடி ஓடுகிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். சற்றுப் பொறுத்தால் ஓடுகிறது என்று தாங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு லட்சணமே, என் பிரதான சந்தேகத்தைப் பெட்ரோல் டாங்கின் மூடிமேல் திருப்புகிறது. மூடியிலுள்ள நுண்ணிய காற்றுத் துவாரம் தூசியால் அடைபட்டிருந்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றழுத்தம் தாழ்ந்து, எரிபொருள் வருவது தடைப்பட்டு எஞ்சின் நிற்கும். காற்று மெல்லக் கசிந்து உட்புகுந்த பின்னரே மீண்டும் இயங்கும். ஆகையால், அது நின்ற தருணத்தில் மூடியைச் சிறிது தளர்த்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தடையின்றி ஓடினால் குற்றவாளி மூடிதான்.

அதிலும் குணம் தெரியாவிடில் பழைய பெட்ரோலையே குறை கூறவேண்டும். அங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது; ஈரத்தை ஈர்க்கும் சுபாவமுள்ள அது, ஈரம் மிகுந்தபோது நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலோ, கார்புரேட்டரின் கிண்ணத்திலும் ஊசிமுனை போன்ற ஜெட்டிலும் பிசினாகப் படிந்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறியபின் பழையதை முற்றிலும் வடித்து, ஃபில்டரை மாற்றி, ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். எத்தனால் 15 சதவிகிதமுள்ள பெட்ரோலை மட்டும் ஊற்றாதீர்கள். இவ்வகை எஞ்சின்களில் அதை உபயோகிப்பதை அந்நாட்டு விதிகளே தடுக்கின்றன.