ஏழு துறைகளும் ஒரு வழியும்

யாத்திரை வழி என்பது வெறும் சாலையன்று. தம் ஊரைக் கடந்து செல்லும் அயலானுக்குத் தண்ணீரும் நிழலும் அளித்தல் தங்கள் கடனென்று வழியூரார் ஏற்றுக்கொள்ளும்போதே, சாலையானது யாத்திரை வழியாகின்றது. இவ்வுண்மையை நமது முத்துக்குளித்துறையைக் கொண்டே ஆராய்வோம்.

வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய ஏழும் பரதவரின் பழைய கடற்றுறைகளாம். முற்காலத்தில் இவற்றை ஒன்றாகப் பிணைத்தது முத்துச் சலாபம். 1961-ஆம் ஆண்டிற்குப் பின் இக்கரையில் பெருஞ் சலாபம் நடைபெறவில்லை. கயிறு அறுந்தது, மணிகள் மட்டும் எஞ்சின.

அம்மணிகளோ விலைமதிப்பற்றவை. தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயம் உளது. புன்னைக்காயல், 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூலை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் உழைத்த ஊர். அடுத்துள்ள காயல்பட்டினத்தில் பழம் பள்ளிவாசல்கள் பல. திருச்செந்தூரில் அலைவாய்க்கரையில் முருகன் கோயில் கொண்டுள்ளான். 1542-இல் இக்கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகை மணப்பாட்டில் இன்றும் உளது. ஆயினும் யாத்திரிகர் ஓரிடத்தைக் கண்டு, இடையிலுள்ள ஊர்களை அறியாமலே மீள்கின்றனர்.

இவற்றை இணைப்பது எவ்வாறு? விடை தொலைவில் இல்லை. தாமிரவருணிக் கரையிலுள்ள நவதிருப்பதிகளை நோக்குவோம். வைகாசித் திருவிழாவில் ஒன்பது பெருமாள்களும் கருடவாகனத்தில் ஆழ்வார்திருநகரியில் எழுந்தருள, நம்மாழ்வார் அன்னவாகனத்தில் எதிர்கொள்கின்றார். எந்த ஊரும் தன் கோயிலை விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு நாளை மட்டும் பொதுவாக்கிக்கொண்டது. 1806-இல் முதன்முதல் ஓடி, அண்மையில் 2023-இல் உலா வந்த மாதாவின் பொற்றேரும் ஒருவர் கையால் நகர்வதன்று. வடம் பிடிப்போர் பலர் கூடினாலன்றோ அசையும்!

இவற்றால் நாம் அறிவன மூன்று. முதலாவது, ஒவ்வோர் ஊரும் தன் எல்லைக்குள் கிணறும் மரநிழலும் தங்குமிடமும் பேணுதல் வேண்டும். இரண்டாவது, ஆகஸ்டு 5-ஆம் நாள் மாதா விழா, செப்டம்பர் 14-ஆம் நாள் மணப்பாட்டுச் சிலுவை விழா, திருச்செந்தூர் ஆவணி, மாசித் திருவிழாக்கள் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் எழுதி, ஓர் ஊரின் நெருக்கடியில் மற்றோர் ஊர் கைகொடுத்தல் வேண்டும். மூன்றாவது, வரும் ஊதியம் அவ்வூர் வலைஞருக்கும் மீன் விற்கும் மகளிர்க்கும் சேர்தல் வேண்டும். அன்றேல் நெரிசலும் குப்பையுமே அவர்தம் பங்காகும்.

சமயம் வேறான ஊர்கள் ஒன்றுபடுமோ எனச் சிலர் ஐயுறலாம். இங்கே பொதுவாக்க வேண்டுவது வழிபாடன்று, விருந்தோம்பலே. திருச்செந்தூர்க்கு நடந்து செல்வோர்க்கு மோர் வார்ப்பவர், குடிப்பவனுடைய ஊரைக்கூட வினவுவதில்லை.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் இரு துறைகளுக்கு இடையிலேனும் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, பழங்கதை அறிந்த முதியோர் யாவர் எனக் குறித்து வாருங்கள். அக்குறிப்பே இவ்வழியின் முதற்கல்லாகும்.